மூன்றாவது மெஷினும் சொன்ன பொய்

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணனுக்கு,

எதற்கும் பொறுக்காதவள் என்று நீ பெயர் வைத்த உன் ‘அவசரம்’ எழுதுகிறேன். முட்டிவலி தேவலையா? தைலம் தேய்க்கிறாயா, இல்லை பாட்டிலை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? போனில் கேட்டால் பக்கத்துத் தெருவுக்குத்தான் கேட்கும், உனக்குக் கேட்காது. அதனால் பேனாவை எடுத்தேன்.

எனக்கு வயிறு எரிகிறது அண்ணா. போன ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் நானூறு கிலோமீட்டரை முடித்தேன். இருபத்தாறரை மணி நேரம். இருபத்தேழுக்குள் வந்தால் போதும். வீட்டுக்கு வந்து பார்த்தால், சைக்கிள் கம்ப்யூட்டர் என்னைப் பதினேழு கிலோமீட்டர் ஏரிக்குள் ஓட்டியிருக்கிறது! வரைபடத்தில் கோடு கரையை விட்டு இறங்கி, நடுத்தண்ணீரில் அறுந்து, அந்தப் பக்கம் எங்கோ முளைக்கிறது. அதோடு விட்டதா? நான் ஒரு மதகின் மேல் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது நெஞ்சுத் துடிப்பு 207 என்று காட்டியது. ஏரியில் நீந்துகிறவளுக்கு அவ்வளவு அடிக்கும்தானே என்று சிரித்துக்கொண்டேன்.

எங்கள் சைக்கிள் சங்கச் செயலாளர் சிரிக்கவில்லை. "கோடு அறுந்திருக்கே மேடம். நீங்க வந்தீங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா கமிட்டிக்குக் கோடுதான் சாட்சி" என்றார். நானூறு கணக்கில் இல்லை.

இருநூறு, முந்நூறு, நானூறு, அறுநூறு. நாலையும் ஒரே வருடத்தில் முடித்தால்தான் என் பெயர் போட்ட சான்றிதழ்த் தாள் வரும். படிப்பைப் பாதியில் விட்டேன். கல்யாணம் என்னைப் பாதியில் விட்டது. சலவை ஆலையில் பதினான்கு வருடமாக மடிக்கிற துணிக்கு முடிவே கிடையாது. நாற்பத்தொரு வயதில் ஒன்றையாவது தொடங்கி முடித்தேன் என்று இருக்க வேண்டாமா? மறு நானூறு ஏப்ரல் 12. அறுநூறு ஜூன் 7. அதற்குள் நம்பகமான ஒரு மெஷின் வேண்டும். உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தங்கை


மார்ச் 1

என் அவசரத்துக்கு,

அண்ணன் எழுதுவது. முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒன்றை ஒன்று விட்டுப் பிரிவதாக இல்லை. உன் உடம்பு எப்படி? சாப்பிடுகிறாயா?

நீ அனுப்பிய மெஷினைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே உப்பு பூத்துக் கிடக்கிறது. மூன்று வருட வியர்வை! ஜிபிஎஸ் பகுதியில் பச்சை பிடித்து, பாவம், அது எங்கே இருக்கிறோம் என்று அதற்கே தெரியாமல் தவித்திருக்கிறது. இதற்கு வைத்தியம் இல்லை. இது சொன்ன எதையும் நம்பாதே, மணி எத்தனை என்று சொன்னால்கூட நம்பாதே.

என் சைக்கிள் கடையில் ஒருவர் விற்றுவிட்டுப் போன மெஷின் ஒன்றை அனுப்புகிறேன். வேறு கம்பெனி. மூன்று நாள் என் சைக்கிளில் கட்டி ஓட்டிப் பார்த்தேன், கோடு நூல் பிடித்த மாதிரி வருகிறது. உன் பழைய நெஞ்சுப் பட்டையே இதற்கும் பொருந்தும்.

கைபேசி வாங்கு என்று மறுபடி எழுதாதே. அவசரம் என்றால் பக்கத்துப் பூட்டுக்கடைக்காரர் நம்பருக்குச் செய்தி அனுப்பு, அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேரே நீட்டுவார்.

உன் செவிட்டு அண்ணன்


மார்ச் 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கடையில் கூட்டம் உண்டா? மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா?

மெஷின் வந்தது. கோடு அருமை. தெருவில் எந்தப் பக்கமாகப் போனேன் என்றுகூடத் தெரிகிறது. ஆனால் நெஞ்சுத் துடிப்பு விஷயத்தில் இதுவும் பித்துப் பிடித்து ஆடுகிறது. போன வாரம் சிக்னலில் ஒரு காலை ஊன்றி நிற்கிறேன், 212! ஐந்து நிமிடம் அப்படியே நின்றது. பிறகு ஒரே தாவலில் 88. நடுவில் ஒரு எண் கிடையாது. மனுஷ நெஞ்சு அப்படி மாடியிலிருந்து குதிக்குமா?

பீப் பீப் என்று கத்தி மானத்தை வாங்குகிறது. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் "என்னம்மா, சைக்கிள் ரிவர்ஸ் போகுதா?" என்று கேட்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. துடிப்பைத் தப்பாகச் சொல்கிற மெஷின் நாளைக்கு இடத்தையும் தப்பாகச் சொல்லாது என்று என்ன நிச்சயம்? இன்னொரு தடவை கோடு அறுந்தால் நான் உடைந்து போவேன். ஏதாவது செய்.

உன் தங்கை


மார்ச் 28

என் அவசரத்துக்கு,

நான் சௌக்கியம். நீ சௌக்கியமா? சளி கிளி ஒன்றும் இல்லையே?

பதறாதே. இது மெஷின் கோளாறு இல்லை, பட்டைக் கோளாறு. இருபத்தெட்டு வருடமாக சைக்கிள் கடை வைத்திருப்பவன் சொல்கிறேன், வாரத்துக்கு ஒருவராவது இதே புகாரோடு வருவார். நெஞ்சுப் பட்டை காய்ந்திருந்தால் கண்டபடி காட்டும். பளபள சட்டை காற்றில் உரசினாலும் காட்டும். சில நேரம் பெடல் ஆட்டத்தையே துடிப்பு என்று எண்ணிவிடும். கட்டுவதற்கு முன் பட்டையைத் தண்ணீரில் நனை. பருத்திச் சட்டை போடு. அதற்குள் இருக்கும் பொத்தான் பேட்டரியை மாற்று.

எதற்கும் புதுப் பட்டை ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். இதை நனைத்துப் போட்டால் பெட்டிப் பாம்பாக அடங்கும். எழுதி வைத்துக்கொள்.

உன் அண்ணன்


ஏப்ரல் 22

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் தாமதம். ஆலையில் ஆள் குறைவு. நீ எப்படி இருக்கிறாய்?

நானூறு முடிந்தது! கோடு அறுபடவில்லை. செயலாளரே கை கொடுத்தார். இருபத்தாறு மணி ஐம்பத்தேழு நிமிடம். மூன்று நிமிடம் மிச்சம். நடுவில் ஒரு புளியமரத்தடியில் நாற்பது நிமிடம் உட்கார்ந்துவிட்டேன். வெயில் அண்ணா, கண் கொஞ்சம் இருட்டிக்கொண்டு வந்தது, அவ்வளவுதான்.

பட்டையை நனைத்தேன், பருத்தி போட்டேன், பேட்டரி மாற்றினேன். மூன்று தடவை 210க்கு மேல் போனது. பீப் சத்தத்தை அணைத்துவிட்டேன். அந்த எண் வரும் மூலையில் கறுப்பு டேப் ஒரு துண்டு ஒட்டிவிட்டேன். பார்த்தால்தானே வம்பு.

ஆனால் அறுநூறுக்கு இந்த மெஷினை நம்பி இறங்க மனம் வரவில்லை. நாற்பது மணி நேரம். இந்த வருடத்துக்கு அதுதான் கடைசி. புதிதாக, யார் கையும் படாததாக ஒன்று பார்த்துக் கொடு. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் தங்கை


மே 2

என் அவசரத்துக்கு,

கெட்டிக்காரி! கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். டயர் மாற்ற வந்தவர் பாவம், முழுவதும் கேட்ட பிறகுதான் டயர் கிடைத்தது.

நாற்பது நிமிடம் எதற்கு உட்கார்ந்தாய்? நீ சிவப்பு விளக்குக்கே பொறுக்காதவள் ஆயிற்றே. உடம்பைப் பார்த்துக்கொள். உப்பு சேர்த்த தண்ணீர் குடி.

மொத்த வியாபாரியிடம் நேரில் போய் நின்றேன். "திரும்பி வராத மெஷின் எது?" என்று கேட்டேன். என்னென்னவோ சொன்னார், ஒன்றும் கேட்கவில்லை, விரலால் காட்டியதை வாங்கினேன். மெஷினும் பட்டையும் ஒரே பெட்டியில், சீல் உடைக்காமல் அனுப்பியிருக்கிறேன். மூன்றாவது கம்பெனி. இதுவும் பொய் சொன்னால் நான் கடையை மூடிவிட்டு வாட்ச்மேன் வேலைக்குப் போகிறேன்.

பழைய மெஷினையும் பட்டையையும் திருப்பி அனுப்பு, பார்க்கிறேன்.

உன் அண்ணன்


மே 24

அன்புள்ள அண்ணனுக்கு,

முட்டிவலி எப்படி? வாட்ச்மேன் வேலைக்கு விண்ணப்பம் போட்டுவிடு.

மூன்றாவதும் அதே பொய். 209, 212, 214. வண்டி ஓட்டும்போதுகூட இல்லை அண்ணா. நேற்று சைக்கிளைத் துடைத்துவிட்டு, பட்டையைக் கழற்ற மறந்து படியில் உட்கார்ந்திருந்தேன். 211. திடீரென்று 74. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலகத்தில் ஒழுங்கான மெஷின் ஒன்றுகூடக் கிடையாதா? எல்லாம் சொல்லி வைத்து என் ஒருத்தியைத்தான் ஏமாற்றுகின்றனவா? மற்றவர்கள் வாங்கிப் போனால் திரும்பியே வராத மெஷின் என்கிறாய். என் கை பட்டால் மட்டும் கெட்டுப்போகிறது.

ஜூன் 7 காலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். தூக்கம் வரவில்லை. கோடு அறுந்து ஏரிக்குள் போவது போலவே கனவு. அதற்குள் முடிந்தால் வேறு ஒன்று அனுப்பு. முடியாவிட்டால் இதிலும் டேப் ஒட்டிக்கொண்டு போகிறேன். போகாமல் இருக்க மாட்டேன், அதை மட்டும் சொல்லாதே.

இரண்டாவது மெஷினும் பழைய பட்டை இரண்டும் இத்துடன் பார்சலில்.

உன் தங்கை


ஜூன் 7

என் கண்ணே,

நீ இதைப் படிக்க வேண்டும். படிக்கிற நிலையில் இருக்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

உன் பார்சல் எங்கெங்கோ சுற்றிவிட்டு நேற்று, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்தது. கடிதத்தைப் படித்துவிட்டு உனக்காக மெஷினைத் திட்டினேன். பிறகு, அப்படி என்னதான் பொய் சொல்கிறது பார்ப்போம் என்று அந்தப் பட்டையை என் நெஞ்சில் கட்டிக்கொண்டேன். நனைக்கவில்லை. பளபள சட்டைதான் போட்டிருந்தேன். கடைத்தெருவை நாலு சுற்று சுற்றினேன். 71. மேட்டில் 118. இறங்கி நின்றால் மெதுவாக 90, 84, 76. ஒரு எண்கூடத் தாவவில்லை. உன் முதல் பட்டையைக் கட்டினேன். அதுவும் அப்படியே. உன் உப்புப் பூத்த கிழட்டு மெஷின் என்னைக் கடலுக்குள் காட்டியது, ஆனால் துடிப்பை மட்டும் மணிக்கூண்டு மாதிரி சரியாகச் சொன்னது.

கடை வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூன்று கம்பெனி, மூன்று மெஷின், மூன்று பட்டை. மூன்றும் கூடிப் பேசி 210 என்று ஒரே பொய்யைச் சொல்லுமா? இது ஒரு சின்னப் பிள்ளைக்குத் தெரிய வேண்டாமா? இருபத்தெட்டு வருட அனுபவம்! என் தலையில் கொள்ளி வைக்க! நாலு மாதமாக உன் நெஞ்சு என்னிடம் கத்திக்கொண்டிருந்தது, நான் பட்டையை நனைத்துப் போடு என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

உன் கடிதங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். உடம்பு எப்படி என்று ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மெஷின் எப்படி என்று பதில் எழுதியிருக்கிறாய். மரத்தடியில் கண் இருட்டியது என்று எழுதினாயே, விழுந்தாயா? அதை எழுதாமல் விட்டாயா?

பூட்டுக்கடைக்காரர் ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். செய்தி அனுப்ப ஆள் இல்லை. கடை போனில் உன் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கிறதா, நீ எடுத்தாயா, யார் எடுத்தார்கள், ஒன்றும் தெரியவில்லை. "கிளம்பாதே! மெஷின்ல ஒண்ணும் இல்ல! உன் நெஞ்சுதான்! டாக்டர்கிட்ட போ!" என்று கத்தினேன். பத்து வரை எண்ணிவிட்டு மறுபடி நம்பரைப் போட்டுக் கத்தினேன். தெருவில் போன ஒரு அம்மாவை நிறுத்தி, "யாராச்சும் பேசுறாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா" என்று ரிசீவரை நீட்டினேன். பைத்தியம் என்று நினைத்துப் பையை இறுக்கிக்கொண்டு ஓடிவிட்டாள். ஏழு தடவை போட்டேன். இன்று காலை நாலரைக்கும் போட்டேன்.

இப்போது மணி ஒன்பது. நீ ஏதோ ஒரு சாலையில் மிதித்துக்கொண்டிருப்பாய். இல்லை வீட்டில் இருப்பாய். இல்லை. எழுதக் கை வரவில்லை. இந்தக் காது எனக்குக் கெட்டுப்போனதற்கு நான் ஒரு நாளும் அழுததில்லை. நேற்று அழுதேன்.

உன் அண்ணன்


ஜூன் 10

அன்புள்ள அண்ணனுக்கு,

உயிரோடு இருக்கிறேன். பூட்டுக்கடைக்காரருக்கு அனுப்பிய செய்தியை உனக்குக் காட்டியிருப்பார். இது ஆஸ்பத்திரிக் கட்டில். கையில் ஊசி குத்தி வைத்திருப்பதால் எழுத்து கோணல்.

வெள்ளிக்கிழமை நீ போட்ட போனை முதல் தடவையிலேயே எடுத்தேன். எல்லாம் கேட்டது. "கேக்குதுண்ணா, சரிண்ணா" என்றேன். நீ "எடுத்தியா? இருக்கியா?" என்று கத்திக்கொண்டே இருந்தாய். நானும் கத்தினேன். பக்கத்து வீட்டு அம்மா வந்து கதவைத் தட்டினாள். அடுத்த தடவை போன் அடித்தபோது எடுக்கவில்லை. எடுத்தால் போகாமல் இருந்துவிடுவேன் என்று பயம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் சரி என்றது உன் காதில் விழவில்லை, அதனால் அது வாக்கு இல்லை என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். அடிக்க வேண்டும் என்று தோன்றினால் அடி.

ஆமாம், அந்த மரத்தடியில் விழுந்தேன். ஆலையிலும் ஒரு தடவை விழுந்தேன். எழுதினால் மெஷின் அனுப்ப மாட்டாய் என்று எழுதவில்லை.

இருநூற்றுப் பதினெட்டாவது கிலோமீட்டரில் ஒரு பாலம். மதியம் இரண்டரை. நெஞ்சுக்குள் மீன் துள்ளுவது மாதிரி இருந்தது. எப்போதும் இருப்பதுதான். ஆனால் நீ கத்தியது காதிலேயே இருந்தது அண்ணா, ஒன்பது மணி நேரமாகப் போகவே இல்லை. டேப்பை உரித்தேன். 213. இறங்கி உட்கார்ந்தேன். பத்து நிமிடம். 213. அது பொய் என்று சொல்லிக்கொள்ள முயற்சி செய்தேன், வரவில்லை. நிறுத்து பொத்தானை நானே அமுக்கினேன். கால் நன்றாக இருந்தது. நேரமும் நிறைய இருந்தது. பாலத்தின் மேல் உட்கார்ந்து கேவிக் கேவி அழுதேன். காய்கறி வண்டிக்காரர் ஒருவர் நிறுத்தி, "அடிபட்டுச்சாம்மா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன். சைக்கிளை மூட்டைகளுக்கு மேல் போட்டு இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.

டாக்டரம்மா மெஷினைக் கேட்டு வாங்கி, அதையும் என் போனில் பிப்ரவரியிலிருந்து சேர்ந்திருந்த எல்லா ஓட்டத்தையும் கணினியில் போட்டுப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி?" என்றார். "மெஷின் கெட்டுப்போனதிலிருந்து" என்று வாய் தவறிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "இவ்ளோ சுத்தமான பதிவை எந்த நோயாளியும் எனக்குக் கொண்டுவந்து கொடுத்ததில்ல. இன்னும் ஒரு முந்நூறு கிலோமீட்டர் போயிருந்தீங்கன்னா நான் உங்ககிட்ட பேசிட்டிருக்க மாட்டேன்" என்றார். நெஞ்சில் பிறவியிலேயே ஒரு நரம்பு கூடுதலாம், மின்சாரம் அதில் சுற்றிச் சுற்றி ஓடுகிறதாம். 19ஆம் தேதி காலையில் தொடை வழியாகக் கம்பி விட்டு அதைச் சுடப் போகிறார்கள். நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குச் சிக்கல் ஆகலாம் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். பிறகும் நீண்ட தூரம் ஓட்டலாமா என்று கேட்டேன். "முதல்ல எழுந்து நடங்க" என்றார்.

பிழைத்தேனே என்று சந்தோஷப்பட வேண்டும். வரவில்லை. தாள் போய்விட்டது என்றுதான் துக்கமாக இருக்கிறது. என்ன பிறவி நான்!

நீ வர வேண்டாம். முட்டியை வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாற வேண்டும். கடையையும் யார் பார்ப்பார்கள். எனக்குப் பயம் ஒன்றும் இல்லை.

உன் தங்கை


ஜூன் 16

என் அவசரத்துக்கு,

உன் கடிதத்தை ஒன்பது தடவை படித்தேன். திட்ட வேண்டியதை எல்லாம் நேரில் திட்டுகிறேன். எழுதினால் தாள் கிழிந்துவிடும்.

பயம் இல்லை என்று எழுதியிருக்கிறாய். மெஷினைப் பற்றி மட்டும்தான் நீ உண்மை எழுதுவாய் என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்கும் பயம். இரண்டு பேரும் சேர்ந்தே பயப்படுவோம்.

கடையைப் பூட்டிவிட்டேன். சாவி பூட்டுக்கடைக்காரரிடம். உன் தாளைப் பற்றி அவர் உன் செயலாளருக்கு என் சார்பில் போன் போட்டுப் பேசினார். விதி விதிதானாம், அறுநூறு முடிந்தால்தான் தாளாம். சமாதானம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. உன் தாள் போனதில் எனக்கும் துக்கம்தான். உன்னை விட்டுக்கொடுத்து வாங்கும் தாள் எனக்கு வேண்டாம், அவ்வளவுதான் சொல்வேன்.

இதைத் தபாலில் போடவில்லை. நானே கொண்டுவருகிறேன். ஒரு பஸ் மாறியாயிற்று, அடுத்ததற்காக பஸ் நிலையத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். அங்கே வந்து டாக்டரம்மாவிடம் நீட்ட வேண்டியதையும் கீழே எழுதிவிடுகிறேன், அவர் பேசுவது எனக்குக் கேட்காது:

"அம்மா, இவளுடைய அண்ணன் நான். எனக்குக் காது கேட்காது, யாரையும் தொந்தரவு செய்ய மாட்டேன். 19ஆம் தேதி நீங்கள் வேலை செய்யும்போது இவளுடைய துடிப்பு ஓடும் திரை தெரிகிற ஒரு கண்ணாடிக்குப் பின்னால் என்னை நிற்க விடுங்கள். இந்தத் தடவை அது என்ன எண் காட்டினாலும் நான் நம்புவேன்."